அறுபதாயிரம் ரூபாய்ப் புடவை

குமரகுருவின் பித்தப்பைக்குள் நெல்லிக்கொட்டை அளவில் ஒரு கல் இருப்பது திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெரிந்தது. பதினொன்றே காலுக்கு அதன் விலையும் தெரிந்துவிட்டது. பை வீங்கியிருக்கிறது, மூன்று நாளுக்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டு ஊசி போட்டு அனுப்பினார். வியாழக்கிழமை காலை அறுபதாயிரம் கட்டிவிட்டுப் படுக்கையில் சேரலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

சங்கரி பதறவில்லை. கைப்பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, கவுண்டரில் வைத்தாள். இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் மூன்று நாள் வரிசையில் நின்று அதை வாங்கி, இருபது ரூபாய் கொடுத்து பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் பெண் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"இதுல குமரகுருன்னு சேத்துப் போட்டிருக்குது. ஆதார்ல குமர, அப்புறம் கொஞ்சம் எடம் விட்டு, குரு. ரெண்டும் வேற வேற ஆளுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுமா."

"ரெண்டும் இவருதாம்மா. அதோ உக்காந்துக்கினு இருக்காரு பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டிருந்த மனிதர் ஒரே ஆள்தான் என்பதை அவள் நம்பினாள். கம்ப்யூட்டர் நம்பவில்லை. பெயரைத் திருத்தப் பதினைந்து வேலை நாள் ஆகுமாம். பத்தொன்பது வருஷமாக அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியும் அவர் பெயருக்கு நடுவில் ஒரு சந்து இருப்பது சங்கரிக்குத் தெரியாமல் போயிற்று.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் ரொக்கமாக நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. நகையும் இருந்தது, வீட்டில்தான் இல்லை. மகள் சங்கீதாவின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஆனி மாதமே வங்கிக்குப் போய்ப் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. தறியில் பாதி நெய்த புடவை ஒன்று நின்றது. அதன் கூலியில் முக்கால் பங்கை முன்பணமாக வாங்கிச் சாப்பிட்டாயிற்று.

அன்று சாயந்திரம் சங்கரி மயில்வாகனத்தின் வீட்டுக்குப் போனாள். குமரகுருவின் பெரியப்பா மகன் அவர். காந்தி ரோட்டில் இரண்டு மாடிப் பட்டுக்கடை வைத்திருக்கிறார். சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். கேட்கும் முன்பே வெள்ளி டம்ளரில் காபி வந்தது. கேட்ட பிறகு உபதேசம் வந்தது.

"பணத்துக்கு வழியா இல்லைமா? மனசுல தைரியம்தான் வேணும்" என்றவர், மோதிரம் போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஒண்ணு, நகைக்கடன். வெச்சிட்டியா? சரி வுடு. ரெண்டு, மகளிர் குழு. மூணு, இப்பல்லாம் போன்லயே அஞ்சு நிமிஷத்துல குடுக்கறானாம். நாலு, நம்ம சொந்தக்காரங்க குரூப்ல ஒரு மெசேஜ் போடு. நூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. ஆளுக்கு ஐந்நூறு போட்டா அம்பத்தாறாயிரம் ஆச்சு."

அந்த நூற்றுப் பன்னிரண்டில் அவரும் ஒருவர். தன்னைச் சேர்த்துக் கணக்குப் போட்டாரா, விட்டுவிட்டுப் போட்டாரா என்று சங்கரியால் கேட்க முடியவில்லை.

"நானே குடுத்துடுவேன்மா. ஆனா என் பணம் பூரா சரக்குல முடங்கிக் கெடக்குது. போன வாரம்தான் கோயில் திருப்பணிக்கு ஒரு லட்சம் எழுதினேன்." சுவரில் புதிதாக மாட்டிய படத்தைக் காட்டினார். படத்தில் அவரும், அவர் கையில் அவரை விட அகலமான காசோலை அட்டையும் இருந்தன.

பிறகு கட்டைவிரலை மடக்கினார். "அஞ்சாவது வழி உன் பீரோவுலயே இருக்குதே! உன் கல்யாணத்துக்கு நான் குடுத்த புடவை. அசல் சரிகைமா அது. வெள்ளி விக்கற வெலைக்கு எப்ப எடுத்துக்கினு போனாலும் காசு. மயில்வாகனம் குடுத்த புடவைன்னா கையில இருக்கற பேங்க் மாரி!"

விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்து அனுப்பினார். அவர் மனைவி கமலவேணி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மூன்றாவது வழியை சங்கீதா திறந்தாள். கடன் தரும் செயலி அப்பாவின் போனில் இறங்கியது. முகத்தை வட்டத்துக்குள் காட்டச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அடுத்து, சிரிக்கச் சொன்னது.

"அப்பா, கொஞ்சம் சிரிப்பா."

"எங்கேர்ந்துமா சிரிக்கிறது?" என்றார் குமரகுரு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு. மகளுக்காகப் பல்லைக் காட்டினார். முகம் பொருந்தவில்லை என்றது செயலி. மூன்றாவது தடவை எப்படியோ பொருந்திற்று. ஐயாயிரம் அனுமதி என்றது. கைக்கு வருவது மூவாயிரத்து நூறு. ஏழு நாளில் ஐயாயிரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். போனில் உள்ள எல்லா எண்களையும் பார்க்க அனுமதி தர வேண்டும்.

"வேணாம்மா. ஒரு நாள் லேட் ஆனாலும் எல்லாருக்கும் போட்டோ அனுப்பி அசிங்கப்படுத்துவானுங்க" என்றாள் சங்கீதா.

"எந்த போட்டோவ?"

"இப்ப எடுத்தானே, அதைத்தான்."

சங்கரி அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு தானே செயலியை அழுத்திப் பிடித்து அழித்தாள்.

அடுத்தது மகளிர் குழு. கடன் கொடுக்க வந்த பையன் கையில் டேப் வைத்திருந்தான். அதில் கடனுக்கான காரணங்கள் மூன்று இருந்தன: கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை.

"ஆபரேஷன் இல்லியாப்பா?"

"ஆபரேஷன்ல வருமானம் வராதேக்கா. மாடுன்னு போட்டுடலாமா?"

மாடு என்றால் மாட்டோடு நிற்கும் படம் வேண்டும். ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனாள். அங்கே முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கெஞ்சி, அவர்களுடைய சிவலைப் பசுவின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு நின்றாள். பசுவுக்கு அவளைப் பிடித்துவிட்டது போலிருந்தது, தோளை நக்கி ஈரமாக்கியது. படத்தை அனுப்பியதும் பையன் போனிலேயே பாராட்டினான்.

"சூப்பர்க்கா. பத்து நாள்ல அக்கவுண்ட்டுக்கு வந்துடும்."

"வியாழக்கிழமைக்குள்ள வராதாப்பா?"

"மாட்டுக்கு இன்னாக்கா அவ்ளோ அவசரம்?"

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் குழுவிலும் ஒரு செய்தி போட்டாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டு கும்பிடு வந்தது. வாலாஜாபாத் மைத்துனர் ஒருவர் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார். அது சிறுநீரகக் கல்லுக்கு, பித்தப்பைக் கல்லுக்கு அல்ல என்று இன்னொருவர் திருத்தினார். அதற்கு அவர் பதில் சொல்ல, இவர் மறுபதில் சொல்ல, பழைய நிலத்தகராறு ஒன்று அங்கே எழுந்து உட்கார்ந்தது. நடுவில் மயில்வாகனம் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பினார். "விரைவில் நலம் பெறுக" என்ற வரிக்குக் கீழே கடையின் பெயரும் ஆடித் தள்ளுபடி முப்பது சதவீதமும் இருந்தன. பணம் அனுப்பியது ஒரே ஆள்தான். தென்னேரியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மஹாலட்சுமி, ஐந்நூறு ரூபாய். "யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா, எங்க வீட்ல கோவிச்சுக்குவாங்க" என்று தனியாக ஒரு செய்தியும் போட்டிருந்தாள்.

புதன்கிழமை காலை சங்கரி பீரோவைத் திறந்தாள்.

அரக்கு நிறப் புடவை. ஒரு சாண் அகலக் கரை, முந்தானை முழுக்க மயில். கல்யாணத்தன்று ஒரு தடவை, சங்கீதாவின் மஞ்சள் நீராட்டுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் கட்டியது. வருஷத்துக்கு ஒரு தரம் பிரித்து மடிப்பை மாற்றி, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பாள். வீட்டில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கிறது என்ற நினைப்பு பத்தொன்பது வருஷமாக அவளைக் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க வைத்திருந்தது. முகத்தில் ஒரு தடவை ஒற்றிக்கொண்டு பையில் வைத்தாள்.

கலீமுல்லா ஒலிமுகமது பேட்டையில் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அந்த வியாபாரம்தான். புடவையில் இருக்கும் வெள்ளிக்காக வாங்கி, எரித்துப் பிரித்தெடுப்பார்கள். சங்கரி விரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கட்டுன மாரியே தெரியலையேமா. இந்தக் கரைக்கு அசல் சரிகைன்னா இருபத்தஞ்சு, முப்பது தாண்டும்."

முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி, கறுப்புக் கல்லில் உரசினார். உரசிய இடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா பாய்?"

"இரும்மா. வேற எடத்துல பாக்கறேன்."

கரையில் ஒரு இழை, மயிலின் கழுத்தில் ஒரு இழை. வெள்ளையாக விழ வேண்டிய கோடு மூன்று தடவையும் சிவப்பாக விழுந்தது.

"பட்டு அசல்தாம்மா. நெசவும் நல்ல நெசவு" என்றார் கலீமுல்லா, சாவு வீட்டில் பேசுகிற குரலில். "சரிகைதான் செம்பு. மேல முலாம்."

"இருக்காது பாய். எங்க பெரிய மாமா கடைப் புடவை இது. காந்தி ரோட்டு மயில்வாகனம்."

கலீமுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் யார் பேரையும் சொல்லலைமா. கல்லு சொல்றதைச் சொல்றேன். நம்பிக்கை இல்லைன்னா மெஷின்லயும் வெச்சிப் பாத்துடலாம்."

பக்கத்து அறையில் சரிகை பார்க்கும் மெஷின் இருந்தது. அரை நிமிஷத்தில் ஒரு சீட்டைத் துப்பியது. வெள்ளி: நூற்றில் அரையே அரைக்கால். தங்கம்: இல்லை. மீதி எல்லாம் செம்பு. மெஷினுக்கு நூறு ரூபாய் கட்டணம்; கலீமுல்லா வாங்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"பட்டுக்காக எண்ணூறு தரலாம். வாங்கிக்காதேமா. அசல்னு சொல்லிக் குடுத்தவரு கிட்டயே எடுத்துக்கினு போ. திருப்பி எடுத்துக்கறது அவரு கடமை. இந்தச் சீட்டு போதும்."

வீட்டுக்கு வந்தபோது குமரகுரு சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சங்கரி பையை அவர் முன்னால் வைத்தாள். சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை.

"செம்புதானே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்தன்னைக்கே தெரியும். தட்டுல வெச்சிக் குடுத்தாரே, கையில வாங்கனதும் தெரிஞ்சிடுச்சு. இருபத்தஞ்சு வருஷமா சரிகை ஓட்டற கை இது."

சங்கரிக்கு எங்கிருந்தோ கோபம் ஏறியது. "பத்தொன்பது வருஷம்! நான் ஊரு பூரா அசல் அசல்னு சொல்லிக்கினு திரிஞ்சேனே. ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

 குமரகுரு வலி வந்து போக விட்டார்.

"சொல்லத்தான் நெனச்சேன். அதைக் கட்டிக்கினு நீ கண்ணாடி முன்னாடி அப்படித் திரும்பி, இப்படித் திரும்பிப் பாத்தே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காந்தி ரோட்டுக்கு நடந்தே போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கினாள். மாமா, இப்படிச் சொல்லிவிட்டார்கள். மாமா, உங்களையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம். மாமா, பாதியாவது கொடுங்கள். கடைப்படி ஏறும்போது மூன்றும் மறந்துவிட்டன.

உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம். வேலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த பதினாறு பேர் ஜமக்காளத்தில் பரவி உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சந்தேகக்காரர். கரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அசல்தான்னு எப்படிங்க நம்பறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மயில்வாகனம் பதிலுக்கு வாயைத் திறந்தபோது, பட்டுப் புடவைப் பையோடு சங்கரி வாசலில் நின்றாள். அவர் கண்ணுக்கு அவள் சுவாமியே அனுப்பிய விளம்பரமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"வாம்மா, வா! இதோ பாருங்க, எங்க தம்பி சம்சாரம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் குடுத்த கல்யாணப் புடவை, அந்தப் பையிலதான் இருக்குது. விரிம்மா, விரிச்சிக் காட்டு."

சங்கரி விரித்தாள். மயில்கள் டியூப் லைட்டில் மினுமினுத்தன. பெண்கள் "அய்யோ, என்ன அழகு" என்று குனிந்தார்கள்.

"விக்கலாம்னு எடுத்துக்கினு போனேன் மாமா. நீங்க சொன்ன மாரியே."

"கேட்டீங்களா!" மயில்வாகனத்தின் குரல் இரண்டாவது மாடிக்கு ஏறியது. "எங்க புடவை பெட்டியில கெடந்தாலும் பணம். எவ்ளோ போட்டாங்க? சொல்லும்மா. இவங்க காதுல விழற மாரி சொல்லு."

பதினாறு முகங்களும் கடைப் பையன்களும் கணக்கரும் அவளையே பார்த்தார்கள்.  சங்கரிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கையில் இருந்த சீட்டை நீட்டினாள்.

"இதுல எழுதியிருக்குது மாமா."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். சிரிப்பு முதலில் கண்ணில் நின்றது, அப்புறம் கன்னத்தில் நின்றது, உதட்டில் மட்டும் எப்படியோ தொங்கிக்கொண்டிருந்தது. வேலூர்க்காரர், "கொஞ்சம் குடுங்க, நானும் பாக்கறேன்" என்று கையை நீட்டினார்.

மயில்வாகனம் சீட்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டையின் உள்பைக்குள் செருகினார்.

"அறுபதாயிரம்!" என்றார்.

கடை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. சங்கரியும்தான் விட்டாள்.

"அறுபதாயிரம் போட்டிருக்காங்க! ஆனா நம்ம வீட்டுப் புடவையை வெளியாளுக்கு ஏன்மா குடுக்கணும்? நானே எடுத்துக்கறேன். கணக்கரே, அறுபதாயிரம் எண்ணிக் குடுங்க. ஐந்நூறு ரூபாக் கட்டா குடுங்க, அவளுக்குச் சௌகரியமா இருக்கும்."

திங்கட்கிழமை அவள் கேட்ட தொகை அவருக்கு நன்றாகத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. முடங்கிக் கிடந்த சரக்குக்குள்ளிருந்து பணம் ஒரு நிமிஷத்தில் எழுந்து வந்தது. வேலூர்க்காரர் அன்று நாலு புடவை எடுப்பதாக வந்து ஒன்பது புடவை எடுத்தார்.

மயில்வாகனம் வாசல் வரை வந்து வழியனுப்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தச் சீட்டு வேற காப்பி இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. வேணும்னா பாய் மறுபடியும் எடுத்துத் தருவாரு."

"வேணாம்மா, வேணாம். பாவம், அவருக்கு ஏன் சிரமம்!"

மூங்கில் மண்டபம் தாண்டும் வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். யாரையும் மிரட்டவில்லை, ஒரு காசு கேட்கவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவர் சீட்டை நாலாக மடித்தது நினைவுக்கு வந்தது. நடுரோட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "உடம்பு நல்லா இருக்குதாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கல்லை ஒரு சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். சங்கீதா அதைப் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். சொந்தக்காரர்கள் குழுவில் மயில்வாகனமே சேதி போட்டார்: தம்பிக்கு ஒன்று என்றால் தன் கை சும்மா இருக்காது என்றும், அறுபதாயிரம் தன்னால் முடிந்த சிறு உதவி என்றும். தொண்ணூற்றொரு கும்பிடு விழுந்தது. சங்கரியும் ஒன்று போட்டாள். அரக்குப் புடவை கடையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. பத்தொன்பது ஆண்டுகள் ஆகியும் மங்காத சரிகை என்று பக்கத்தில் அட்டை வைத்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். மயில்வாகனம் சென்னைக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சங்கரியின் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கமலவேணி இரண்டு பெரிய பைகளோடு இறங்கினாள்.

"இன்னாக்கா இது?"

"பதினாலு புடவை. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு எனக்குக் குடுத்தது." பைகளைத் தரையில் வைத்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரகுருவைப் பார்த்தாள். "தம்பி, உன் கை பட்டாலே சரிகை தெரியும்னு சொல்லுவாங்க. கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லேன்."

குமரகுரு இரண்டு கைகளையும் மடிக்குள் மடக்கிக்கொண்டார். "கனமான பொருள் எதையும் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு அண்ணி."

கமலவேணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சங்கரியிடம் திரும்பினாள். "அவரு சட்டை உள்பையில நாலா மடிச்ச சீட்டைப் பாத்துட்டேன். அதைக் குடுத்த பாய் கடை எங்க இருக்குதுன்னு காட்டு."

ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கலீமுல்லா பதினான்கையும் பொறுமையாக உரசினார். தன் அம்மா விட்டுப்போன பழைய புடவைகளை மயில்வாகனம் புதிது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், மூன்று மட்டும் வெள்ளையாக விழுந்தன. பதினொன்று சிவப்பு. கமலவேணி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மூன்றையும் அங்கேயே விற்று, நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் தன் கையில் தனக்கென்று வந்த முதல் பணம் என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

"மீதி பதினொண்ணை என்னாக்கா பண்ணப் போறீங்க?"

"மாசம் ஒண்ணா அவரு கடைக்கு எடுத்துக்கினு போவேன்" என்றாள் கமலவேணி. "கல்யாணக் கூட்டம் எந்த மாசத்துலேர்ந்து வருது, ஐப்பசியா?"

சங்கரி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இரண்டு கரும்புச்சாறு வாங்கினாள். காசை எடுக்கப் போன அவள் கையைத் தட்டிவிட்டு, கமலவேணி ஒரு புது ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள்.